பெட்டிக் கடைச் செலவில் ஒரு வகுப்பறை: தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஹட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டப் பாடசாலைக்குப் புதிதாகப் போகும் ஆசிரியருக்கு முதல் வாரத்திலேயே ஒன்று விளங்கிவிடும். பாடநூல் அரசாங்கத்திடமிருந்து இலவசமாக வந்துவிடும். மற்றதையெல்லாம் நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும். 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தும் கடமையைத் தோட்ட நிர்வாகங்கள்மீது சுமத்தியது. ஒரு அறை, ஒரு வாத்தியார், நாலைந்து வகுப்பு என்று அப்படித் தொடங்கிய பள்ளிகளை 1977 முதல்தான் அரசு படிப்படியாகப் பொறுப்பெடுத்தது. அந்தத் தாமதத்தின் பாரத்தை இன்றும் சின்னப் பாடசாலைகள் சுமக்கின்றன.

கீழே உள்ளவை ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களுக்கும், முன்பள்ளி டீச்சர்மாருக்கும், லயத்தில் மாலை வகுப்பு நடத்தும் தம்பி தங்கைகளுக்கும் உரியவை. ஒரு பொருளைச் செய்யுமுன் “இது பிள்ளையின் கைக்குப் போகுமா?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கைக்குப் போகாதது எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஆசிரியரின் பொருள்தான். தோட்டத்துப் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிச் சொல்லி நமக்கே பழகிவிட்டது. அந்தப் பிள்ளையைச் சுற்றித் தராசும் கணக்கும் இயந்திரமும் ஆறும் மழையும் பாட்டும் இருக்கின்றன. அவற்றை வகுப்பறைக்குள் அழைத்து வருவதுதான் நம் வேலை.

1. தரம் ஒன்றுக்கு மணல் தட்டு செய்யுங்கள். பிஸ்கட் டின் மூடியோ, குட்டையான அட்டைப் பெட்டியின் அடிப்பாகமோ போதும். அடியில் கறுப்புத் தாள் ஒட்டிக் காயவிடுங்கள். ஓடை மணலை அரித்து, கழுவி, வெயில் இல்லாத நாளில் பழைய சட்டியில் வறுத்து ஆறவைத்து, மெல்லிசாகப் பரப்புங்கள். விரல் போன வழி கறுப்பாகத் தெளியும். ட, ப, ம என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கி வளைவு எழுத்துகளுக்குப் போகலாம். பிழைத்தால் தட்டை ஒருமுறை ஆட்டினால் போதும். கொப்பித் தாள் கிழியுமோ என்ற பயம் இல்லாததால் பிள்ளை துணிந்து எழுதும்.

இது நம் திண்ணைப் பள்ளிகளின் சொத்து. 1789 இல் சென்னையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியொன்றைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தன் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797 இல் தன் கற்பித்தல் முறையைப்பற்றி இங்கிலாந்தில் நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் போனது.

2. மணலுக்குப் பதிலாகத் தேயிலைச் சக்கையைக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். நம் குளிரில் அது முழுதாகக் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். வேண்டாம்.

3. ஈரம்தான் இங்கே கற்பித்தல் சாதனங்களின் முதல் எதிரி. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து பிரிஸ்டல் போட்டை ஒரு மாதத்தில் வளைத்துவிடும். அதனால் பெரிய படத்தாள்களைக் குறைத்து, அஞ்சலட்டை அளவுக்குச் சின்ன அட்டைகளாகச் செய்யுங்கள். பிளாட்டிக்னம் பேனையால் எழுதி மை காய்ந்த பிறகு, அகலமான தெளிந்த ஒட்டு நாடாவை முன்னும் பின்னும் ஒட்டி, ஓரத்தில் நாடா அட்டையை விடச் சற்று நீட்டிக்கொண்டிருக்குமாறு வெட்டுங்கள். ஓரம் மூடியிருந்தால்தான் ஈரம் உள்ளே ஏறாது. கோதுமை மாப் பசை மழைக்காலத்தில் பூஞ்சணத்தையும் பூச்சியையும் அழைக்கும், அந்த மாதங்களில் கடைக் கோந்தே நல்லது. அட்டைகளை மூடி இறுக்கமான பால்மா டின்னில் வையுங்கள். வெண்கட்டி நசநசத்துப் போனால் இரவில் அடுப்பு மேட்டில் ஒரு தட்டில் வைத்துவிடுங்கள், காலையில் நன்றாக எழுதும்.

4. தகரக் கூரையில் மழை அடித்தால் ஆசிரியரின் குரல் இரண்டாவது வரிசைக்குக்கூட எட்டாது. ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே மாதம் தென்மேல் பருவம் தொடங்கினால் இது ஒருநாள் கதையல்ல. கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாமல், ‘மழைப் பாடம்’ என்று ஒன்றைத் தனியாகத் தயாராக வைத்திருங்கள்.

அதற்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பலகை வேண்டும். தெளிந்த பொலித்தீன் கோப்பு உறைக்குள் ஒரு வெள்ளை அட்டையைச் செருகுங்கள், பலகை தயார். வெண்பலகைப் பேனையால் எழுதலாம், பழந்துணியால் துடைக்கலாம். ஆசிரியர் கரும்பலகையில் கேள்வியை எழுதி, கையை உயர்த்தினால் எல்லோரும் விடையை எழுத வேண்டும். கையை இறக்கினால் எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். வாய்ப் பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை நால்வரின் குரலே எப்போதும் கேட்கும். இதில் கடைசி வரிசைப் பிள்ளைக்கு எங்கே தடுக்கிறது என்பதும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மழை இல்லாத நாளிலும் இதைத் தொடரலாம் என்பது என் அபிப்பிராயம்.

5. இட மதிப்பைக் கற்பிக்கக் கவ்வாத்துக் குச்சியை விடச் சிறந்த சாதனம் எனக்குத் தெரியவில்லை. சில வருடத்துக்கு ஒருமுறை தேயிலை மலையைக் கவ்வாத்து வெட்டும்போது விறகுக்கென்று வீட்டுக்கு வருவதுதான். பென்சில் தடிமனுள்ள குச்சிகளைத் தேர்ந்து, கையளவு நீளத்துக்கு ஒரே மாதிரி வெட்டி, முனைகளை உரசி மழுக்குங்கள். பத்துக் குச்சிக்கு ஒரு றப்பர் வளையம், பத்துக் கட்டுக்கு ஒரு நூல் சுற்று.

52 இலிருந்து 27 ஐக் கழிக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் முன்னால் ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் இருக்கும். ஏழு குச்சி எடுக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. அங்கே நிறுத்துங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளையாவது ஒரு கட்டை அவிழ்க்கும். பன்னிரண்டு குச்சியிலிருந்து ஏழை எடுத்தால் ஐந்து, நாலு கட்டிலிருந்து இரண்டை எடுத்தால் இரண்டு, விடை 25. ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று நாம் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பாட்டுக்கு அப்போதுதான் அர்த்தம் வருகிறது. பிள்ளைகள் பாட்டுக்கு அவிழ்த்துக் கட்டட்டும், அவசரப்படுத்தி அடுத்த பாடத்துக்குத் தாவாதீர்கள். இரண்டு வாரம் இதிலேயே போனாலும் அது வீணான காலமல்ல. கழித்தல் விளங்காமல் தரம் ஐந்துக்குப் போகும் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் வினாத்தாளில் நாம் செய்யக்கூடிய உதவி மிகக் குறைவு.

6. சோடாப் போத்தல் மூடிகளில் எழுத்துகளை ஒட்டிச் சொல் கட்டும் விளையாட்டுச் செய்யலாம். மெய்யெழுத்துக்கு ஒரு நிறம், உயிர்மெய்க்கு வேறு நிறம். முன்பள்ளிக் குழந்தைகளிடம் சின்ன மூடிகளையும் தேயிலைக் கொட்டைகளையும் தனியே விடாதீர்கள், வாயில் போட்டுவிடுவார்கள்.

7. கொழுந்து நிறுக்கும் இடத்தைக் கணித பாடமாக்குங்கள். கூடையோ சாக்கோ நிறுவையில் கழிக்கப்படுவதையும், ஈரக் கொழுந்துக்கு நிறை குறைப்பதையும் பிள்ளைகள் வீட்டுப் பேச்சில் தினமும் கேட்கிறார்கள். வகுப்பில் ஒரு சின்ன வில் தராசைத் தொங்கவிட்டு, பைக்குள் இலைகளை நிரப்பி நிறுக்கச் சொல்லுங்கள். பையோடு எவ்வளவு, வெறும் பை எவ்வளவு, உள்ளே இருப்பது எவ்வளவு? முதலில் கையால் தூக்கிப் பார்த்து ஊகிக்க வேண்டும், ஊகத்தை எழுதி வைத்த பிறகே தராசு. கை நிதானம் வந்துவிட்டால் கணக்கில் அபத்தமான விடை எழுதும் பழக்கம் தானாகக் குறையும்.

தரம் ஐந்துக்கு இப்படி ஒரு கணக்குக் கொடுங்கள். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். அம்மா ஒரு நாளில் 18 கிலோ பறித்தால் தூள் எவ்வளவு? 4 கிலோ. ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்தால் எத்தனை கோப்பை? 2,000. இந்த எண்ணைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நில்லுங்கள். தங்கள் தாயின் ஒரு நாள் உழைப்பு இரண்டாயிரம் பேரின் கையில் தேத்தண்ணியாகப் போகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே பேசத் தொடங்குவார்கள்.

8. இதன் தொடர்ச்சியாக, மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நூற்றுவீதம் கற்பிக்கச் சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டுச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லக் கூடாது. யார் வீட்டில் எவ்வளவு கடன், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்பதெல்லாம் அதில் தெரியும், பிள்ளை கூனிக் குறுகிப் போகும். நீங்களே ஒரு மாதிரிச் சீட்டு வரைந்துகொள்ளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8, தொழில் வழங்குநரிடமிருந்து நூற்றுக்கு 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3, அது முழுவதும் தொழில் வழங்குநருடையது. 20,000 ரூபா சம்பாத்தியத்துக்கு 1,600, 2,400, 600 என்று வரும். சேமலாப நிதியில் அந்த மாதம் சேர்வது 4,000 ரூபா. இதைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த பிள்ளை, வீட்டில் அப்பத்தாவின் சீட்டை வாசித்துச் சொல்லும். பாடநூலில் உள்ள மாம்பழக் கணக்கைவிட இது அவர்களுக்குக் கட்டாயம் வேண்டியது.

9. ஒரே அறையில் இரண்டு மூன்று தரங்களை வைத்துக்கொண்டு அல்லாடும் ஆசிரியருக்கு: எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்த முயலாதீர்கள். பிள்ளைகளை மூன்று வட்டமாக இருத்துங்கள். ஒரு வட்டம் உங்களோடு. இன்னொன்று அட்டைகளோடு தானாக. மூன்றாவது ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டியபடி. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வட்டங்கள் இடம் மாற வேண்டும். நமது ஆரம்பப் பிரிவு ஆசிரியர் வழிகாட்டி சொல்லும் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை மூன்றும் இந்த மூன்று வட்டங்களில் வசதியாகப் பொருந்திக்கொள்ளும்.

தானாகக் கற்கும் வட்டத்துக்கு உயிர் அட்டைகள்தான். ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காகப் பாடத்தைச் சிறு சிறு படிகளாக உடைத்து அட்டைகளாக்கினார்கள். அந்த வழியைப் பார்த்துவிட்டு வந்து 2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியதுதான், 2007–08 அளவில் தமிழ்நாடு முழுதும் போன செயல்வழிக் கற்றல். அதில் சுவரில் ஒரு ஏணி வரைந்திருக்கும், ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னம். முயல் படம் போட்ட படி வந்தால், முயல் தட்டிலிருந்து அட்டையை எடுத்துச் செய்ய வேண்டும். இரண்டு நாள் வராத பிள்ளை, விட்ட படியிலிருந்தே தொடரும். வகுப்பு அதை விட்டுவிட்டு ஓடிவிடுவதில்லை.

முழு ஏணியைச் செய்ய ஒரு ஆசிரியரால் முடியாது, செய்யவும் வேண்டாம். பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்து, அதைப் பத்துப் படியாக உடைத்து, படிக்கு ஒரு கடித உறை என்று பத்து உறை செய்யுங்கள். உறையின் மேல் நம் பிள்ளைகள் அறிந்த படங்கள் இருக்கட்டும்: கூடை, கொழுந்து, மாடு, ரயில், சிறுத்தை. ஐந்தாவது படியும் பத்தாவது படியும் ஆசிரியரிடம் வந்து செய்து காட்டும் படிகளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை விளங்காமலே ஏறிப்போய்விடும். அடுத்த தவணைக்கு இன்னொரு பாடம். பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியரோடு பேசி, அவர் ஒரு பாடம், நீங்கள் ஒரு பாடம் என்று செய்து மாற்றிக்கொண்டால் சுமை பாதியாகும்.

10. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பிள்ளையைத் தலைவராக்கி, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். பழைய சட்டாம்பிள்ளை முறை அடியில் போய் முடிந்ததற்குக் காரணம், ஒரே பிள்ளையின் கையில் அதிகாரம் தேங்கியதுதான். தலைவரின் வேலை அட்டைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது, அவ்வளவே. பேசியவர்களின் பெயரை எழுதிவைக்கும் வேலையை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள்.

11. வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு அதன் சொந்த வசனமே முதல் பாடநூல். பிள்ளையைக் கூப்பிட்டு நேற்று என்ன நடந்தது என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். ‘எங்க மாமா கொழும்புலருந்து வந்தாங்க. எனக்கு சப்பாத்து வாங்கியாந்தாங்க.’ வேறு மாவட்டத்திலிருந்து வந்த ஆசிரியருக்குத் திருத்தக் கை துறுதுறுக்கும். அன்றைக்குத் திருத்த வேண்டாம். தான் சொன்னது எழுத்தாகி நிற்பதைப் பிள்ளை விரல் வைத்து வாசிக்கட்டும். எழுத்து என்பது பேச்சைப் பிடித்து வைப்பது என்ற உண்மை அதற்குப் பிடிபட வேண்டும். நூல் நடையைப் பிறகு பக்கத்தில் இன்னொரு வரியாக எழுதிக் காட்டலாம். இரண்டையும் மதிக்கும் ஆசிரியரிடம் பிள்ளை வாயைத் திறக்கும்.

நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா அஷ்டன்-வார்னர் தினமும் ஒவ்வொரு பிள்ளையிடமும் அன்றைக்கு அதற்கு வேண்டிய ஒரு சொல்லைக் கேட்டு அட்டையில் எழுதிக் கொடுப்பார். பயமும் பாசமும் கலந்த சொற்களைப் பிள்ளை ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளும் என்று கண்டு, 1963 இல் ‘டீச்சர்’ என்ற நூலில் அதை விரித்து எழுதினார். நம் பிள்ளைகள் கேட்கும் சொற்களும் அப்படித்தான் இருக்கும்: அட்டை, குளவி, அம்மா, தேர். குளவிக் கொட்டால் கொழுந்து மலையில் ஆட்கள் சாகும் ஊரில், ‘குளவி’ என்ற சொல்லைப் பிள்ளை மறக்காது.

12. வாய்ப்பாட்டுக்கும் அசை பிரித்தலுக்கும் தப்பு அடியுங்கள். காலைப் பெரட்டுக்கு ஆளைக் கூப்பிட்ட அதே தப்பு, மாசி மாதக் காமன் கூத்தில் ஊரையே எழுப்பும். அந்தத் தாளம் பிள்ளைகளின் உடம்பிலேயே இருக்கிறது. கருவி இல்லாவிட்டால் டின்னின் அடிப்பாகம் போதும். ‘கொழுந்-து’ இரண்டு அசை, இரண்டு அடி, ‘மலை’ இரண்டு எழுத்து, ஒரே அசை, ஒரு அடி. மூன்றாம் வாய்ப்பாட்டில் இரண்டு மெல்லடி, ஒரு வல்லடி. வல்லடி விழும் எண்ணைச் சேர்ந்து சொல்ல வேண்டும்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். தப்பு அடிப்பவர்களைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கம் லயத்தில் இன்னும் முழுதாகப் போகவில்லை. வகுப்பில் தப்பு எல்லாப் பிள்ளைகளின் கைக்கும் முறை வைத்து வர வேண்டும். நீங்களும் எடுத்து அடியுங்கள். தெரிந்த கலைஞர் ஒருவரை அழைத்து, கதிரை போட்டு இருத்தி, ‘சேர்’ என்று பிள்ளைகள் கூப்பிடக் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள்.

தாலாட்டும் கும்மியும் தெரிந்த பாட்டிமாரையும் அப்படியே அழைக்கலாம். மடகும்புர தோட்டத்தில் பிறந்து, ஆசிரியராகவும் இருந்த சி.வி. வேலுப்பிள்ளை மலையகத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவர் கை எட்டாத பாட்டு இன்னும் எத்தனையோ லயத்தில் இருக்கிறது. அதைக் கைபேசியில் பதிவுசெய்து, பிள்ளைகளைக் கொண்டு எழுதச் செய்தால் கேட்டல், எழுதுதல் இரண்டுக்கும் அதுவே பயிற்சி.

13. தீக்குச்சியும் சைக்கிள் வால் டியூப்பும் வடிவியல் பெட்டி. டியூப்பை ஒரு அங்குலத் துண்டுகளாக வெட்டி, மருந்து நீக்கிய குச்சிகளை இரண்டு பக்கமும் செருகினால் மூட்டு. முக்கோணம் செய்து அழுத்திப் பாருங்கள், அசையாது. சதுரம் சரிந்துவிடும், குறுக்கே ஒரு குச்சி போட்டால் நிற்கும். பிறகு தேயிலை ஸ்டோரின் கூரைச் சட்டங்களைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், முழுக்க முக்கோணம். இந்த விளையாட்டை எழுபதுகளின் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கியவர் பொறியியலாளர் அரவிந்த் குப்தா. ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் அறிவியல் கற்பிக்கும் முயற்சிக்கு அதற்கும் முன்னோடி உண்டு. இரண்டாம் உலகப் போரில் பள்ளிகள் அழிந்த நாடுகளின் ஆசிரியர்களுக்காகத் தொகுத்த குறிப்புகளே வளர்ந்து, 1956 இல் யுனெஸ்கோவின் அறிவியல் கற்பித்தல் நூலாக வந்தன.

14. சுற்றாடல் பாடத்துக்கு ஒரு மலை செய்யுங்கள். பழைய பத்திரிகைத் தாளை ஊறவைத்து அரைத்துக் கோந்து கலந்தோ, களிமண்ணாலோ, ஒரு தட்டில் நீளமான மலை முகட்டை எழுப்பி, காயவைத்து எண்ணெய் வர்ணம் பூசுங்கள். மேலிருந்து தண்ணீர் தெளித்தால் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும். ஹட்டன் பக்கத்துப் பிள்ளைக்கு இது கண்முன்னே இருக்கும் உண்மை. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி ஆறாகிக் கொழும்புப் பக்கம் கடலுக்குப் போகின்றன. தலவாக்கலை வழியாக ஓடும் கொத்மலை ஓயா மகாவலியில் சேர்ந்து திருகோணமலையில் கடலைத் தொடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் விழுந்த மழைக்கு மேற்குக் கடல், இந்தப் பக்கம் விழுந்ததற்குக் கிழக்குக் கடல். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களையும் மேல் கொத்மலையையும் சின்ன நீலத் தாள்களால் குறித்து, அங்கிருந்து மின்கம்பிக்கு நூல் கட்டுங்கள். நாட்டுக்கு வெளிச்சம் போகும் வழி பிள்ளைக்கு விளங்கும். தன் லயத்தை அந்த மலையில் எங்கே வைப்பது என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்லட்டும்.

15. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்று புத்தகம் சொல்கிறது. வெப்பமானி வைத்துப் பார்த்தால் நுவரெலியாவில் 94 அளவிலும், ஹட்டனில் 96 அளவிலும் கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை குறையும். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதே காரணம். இங்கே பருப்பு வேக நேரமெடுப்பதை அம்மாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். புத்தகத்தையும் சோதித்துப் பார்க்கலாம் என்று பிள்ளை தெரிந்துகொள்வது நல்லது. கொதிநீரை ஆசிரியர்தான் கையாள வேண்டும்.

16. இடுப்பளவு செடியாகவே தேயிலையைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, வெட்டாமல் விட்ட தேயிலை உயர்ந்த மரமாகும் என்பதைக் காட்டுங்கள். பழைய தோட்டங்களில் விதைக்கு விட்ட மரம் எங்காவது நிற்கும். பூவையும் காயையும் வரைந்து வரட்டும்.

17. மும்மொழிப் பாடத்துக்குக் கடைத் தெருவே போதும். பஸ் பெயர்ப்பலகை, ரயில் நிலையப் பலகை, தபால் கந்தோர்ப் பலகை எல்லாம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் உண்டு. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று நாலு பெயரை மும்மொழியிலும் பன்னிரண்டு அட்டையில் எழுதிப் பொருத்தச் சொல்லுங்கள். ரயில் போகும் வரிசையில் அடுக்குவது அடுத்த விளையாட்டு.

18. அடிக்கடி வராத பிள்ளைக்கு ஒரு உறை வையுங்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பிள்ளை நின்றுவிடுவது நமக்குத் தெரியாத விஷயமல்ல. திரும்பி வந்ததும் எல்லோர் முன்னாலும் ஏன் வரவில்லை என்று கேட்காமல், விட்ட நாட்களின் அட்டைகள் உள்ள உறையைக் கொடுத்து, ஒரு தோழியைப் பக்கத்தில் இருத்துங்கள். பிள்ளைக் காம்பராவில் தம்பியை விட முடியுமா என்று பெற்றோரிடம் தனியாகப் பேசுங்கள். சம்பளத்துக்கு மறுநாள் மாலையில் போனால் ஆட்களைப் பிடிக்கலாம்.

19. கைபேசியில் பாடம் அனுப்புவதானால், ஒரு நிமிடத்துக்கு மேற்படாத குரல் பதிவாக அனுப்புங்கள். காணொளி டேட்டாவைத் தின்றுவிடும். 2020 இல் பாடசாலைகள் மூடியபோது சிக்னல் தேடிப் பிள்ளைகள் மேடேறியதை மறக்க வேண்டாம். குரல் பதிவோடு, வாரம் ஒருமுறை கடையில் வைத்துக் கொடுக்கும் தாள் கட்டும் இருந்தால்தான் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

20. சுவரில் எதை ஒட்டினாலும் பிள்ளையின் கண் மட்டத்துக்கு ஒட்டுங்கள். மேற்பார்வைக்கு வருபவரின் கண் மட்டம் நமக்குத் தேவையில்லை. மாதம் ஒருமுறை மாற்றாத படத்தை யாரும் பார்ப்பதில்லை. பாதி இடமாவது பிள்ளைகளின் கைவேலைக்கே இருக்கட்டும், அதிலும் ‘நல்லது’ மட்டும் அல்ல, எல்லோருடையதும்.

21. எல்லாவற்றையும் ஒரு உரச் சாக்கைக் கழுவித் தைத்த பையில் போட்டுக்கொள்ளலாம். நடந்தே மேடேற வேண்டிய பாடசாலை என்பதால் கனம் முக்கியம்: குச்சிக் கட்டுகள், எழுத்து மூடிகள், பத்து உறைகள், பலகை உறைகள், தீக்குச்சி மூட்டுகள். மணல் தட்டும் மலையும் பாடசாலையிலேயே இருக்கட்டும். தவணை முடிவில் பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள். தொலைந்ததைச் செய்யும் வேலையை அவர்களிடமே விடலாம்.

22. கைக்காசு போட்டு வாங்க வேண்டியவை மிகச் சில: அகலமான ஒட்டு நாடா, கோப்பு உறைகள், வெண்பலகைப் பேனை, வில் தராசு, வெப்பமானி. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கேட்டால், பயன்பாட்டைச் செய்து காட்டிய பிறகு பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் முடியுமென்றால் தராசை வாங்குங்கள். மற்றதற்கெல்லாம் மாற்று செய்துகொள்ளலாம், சரியாக நிறுக்கும் தராசை வீட்டில் செய்வது கடினம்.

23. பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் உங்கள் வலயத்தில் நிச்சயம் இருப்பார்கள். மலையகப் பாடசாலைகளை மனதில் வைத்து ஜெர்மனியின் உதவியோடு வளர்ந்த கல்லூரி அது. அவர்களிடம் பழைய பயிற்சிக் கொப்பிகளும் மாதிரி அட்டைகளும் இருந்தால் இரவல் கேளுங்கள். படி எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்கும்போது நீங்கள் செய்த ஒரு உறையையும் சேர்த்துக் கொடுங்கள்.